இரண்டாவது தடவை கேட்காத வண்டி

வண்டி ஒரு தடவைதான் கேட்டது. இரண்டாவது தடவை கேட்க வேண்டாம் என்று அதற்குச் சொல்லிவைத்தவன் நிதிலன். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவன் உணவுக்கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு தணிந்தது. யாராவது எழுந்துவந்து, தேவையே இல்லாமல், அவனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கனடாவின் வடக்கே ஹார்லன் ஏரி என்று ஒரு ஊர். மின்சாரக் கார் செய்யும் நிறுவனம் ஒன்று தன் வண்டிகளைக் குளிரில் விட்டுப் பார்க்க அங்கே ஒரு சோதனைக்கூடம் வைத்திருந்தது. வண்டிகளைத் தமிழ் பேசவைப்பது நிதிலனின் வேலை. உடுமலைப்பேட்டைக்காரன். கோவையில் பொறியியல் படித்தவன். சிந்துஜாவைக் கல்யாணம் செய்து அங்கே கூட்டிவந்து மூன்று குளிர்காலம் அவளோடு கழித்திருந்தான். நாலாவது குளிர்காலத்தின் நடுவில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அந்த வண்டிகளின் ஹீட்டர் சாதாரணக் குளிருக்கு நன்றாகவே தாங்கும். மைனஸ் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் எப்போது மூச்சை நிறுத்தும் என்று சொல்ல முடியாது. அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹீட்டர் நின்றுவிட்டால் வண்டி ஓட்டத்தை மறந்துவிட்டு, பேட்டரியின் அடியில் ஒதுக்கிவைத்த கொஞ்சம் சார்ஜை சீட்டுகளைச் சூடாக்க மட்டும் வைத்துக்கொள்ளும். எந்த சீட்டுக்கு எவ்வளவு என்பதை உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். சட்டம் அப்படி.

ஆங்கிலத்தில் அந்தக் கேள்வி இரண்டு சொல்லில் முடிந்துவிடும். நிதிலன் அதைத் தமிழில் எழுதியபோது அவனுக்கு அந்த வறட்சி பிடிக்கவில்லை. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து பனியில் மாட்டிக்கொண்டிருப்பவர்களிடம், பக்கத்து வீட்டுப் பெண் பேசுவதுபோல் பேச வேண்டும் என்று நினைத்தான். கோபிசெட்டிபாளையத்துப் பெண் ஒருத்தியைப் பேசவைத்துப் பதிவுசெய்தான். 'சூடு கொஞ்சம் கூட்டட்டுங்களா?' என்று அவள் கேட்டதைக் கேட்டு, யாழ்ப்பாணக் குடும்பத்தில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்த கஜன் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து மேசையில் ஹீட்டர் பிரிவில் இருந்தவன் அவன். மிஷினுக்குக்கூட 'ங்க' போடுகிற சனத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான்.

முதலில் அந்தக் குரல் மூன்று தடவை கேட்டது. வீட்டு வண்டியில் போட்டுப் பார்த்தபோது சிந்துஜா அலுத்துக்கொண்டாள். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் மாதிரி விடாமல் கேட்டால் எத்தனை தடவைதான் பதில் சொல்வது என்றாள். சோதித்துப் பார்த்த மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். நிதிலன் மூன்றை ஒன்றாக்கினான். வேண்டாம் என்றவர்கள் தாங்களாகக் கூப்பிட்டால் தவிர வண்டி மறுபடி வாய் திறக்காது. மாற்றியதும் சிந்துஜா, இப்பத்தான் நல்ல பிள்ளையாயிருக்கு என்று வண்டியின் முகப்பைத் தட்டிக்கொடுத்தாள்.

ஜனவரியில், பக்கத்து ஊரில் தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவுக்கு அவளும், ஊரிலிருந்து வந்து அவர்களோடு தங்கியிருந்த அவனுடைய அம்மா விஜயராணியும் போனார்கள். அவனுக்கு வேலை இருந்தது. திரும்பும்போது பனிப்புயல். நெடுஞ்சாலையில் ஒரு லாரி குறுக்கே சறுக்கி நிற்க, பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ஹீட்டர் நின்றது. பனி வாரும் எந்திரம் வந்து சேர்ந்து கதவைத் திறந்தபோது பின் சீட்டு சூடாக இருந்தது. அம்மா உயிரோடு இருந்தாள். முன் சீட்டு அணைந்திருந்தது.

பேட்டரியில் சார்ஜ் மிச்சம் இருந்தது. இரண்டு சீட்டுக்கும் போதும்.

*

சிந்துஜாவின் சாவைப் பற்றிய விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு கஜன் வீட்டுக்கு வந்தான். அம்மாவிடம் என்ன கேட்பார்கள் என்று சொல்லிவைக்க நிறுவனம் அவனைத்தான் அனுப்பியிருந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவன் சப்பாத்தைக் கழற்ற எடுத்துக்கொண்ட நேரத்திலேயே தெரிந்தது.

நிறுவனத்தின் வக்கீல் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று. மருமகள் சூடு வேண்டாம் என்று சொன்னாளா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் போதும். அது பொய்யும் இல்லை. வண்டி கேட்டது, அவள் மறுத்தாள், வண்டி அவள் சொல்லை மதித்தது. கேள்வி சரிதான் என்று ஆகிவிடும். எல்லா வண்டிகளிலும் அதே கேள்வி அப்படியே இருக்கும்.

அம்மா காபி டம்ளரைக் கஜன் முன்னால் வைத்தாள். அவன் வேண்டாம் அம்மா என்றான். அவள் சரி என்று திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நிதிலன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நினைவு தெரிந்து அம்மா இப்படி வந்தவர் முன்னால் வைத்ததைத் திரும்ப எடுத்ததில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் கஜனிடம் ஒன்று கேட்டாள்.

"ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் சொன்னா அந்த வண்டி ஏன் தம்பி கேக்க மாட்டேங்குது?"

"அது சட்டம், அம்மா. முந்தி வண்டி தானே முடிவெடுத்தது. ஆருடைய உடம்பில எவ்வளவு சூடு இருக்குது எண்டு பாத்துப் பிரிச்சுக் குடுத்தது. ஒருக்கா அது பிழையாப் போய் ஒரு மனுசன் செத்துப்போனார். ஆரைக் கேட்டு முடிவெடுத்தது எண்டு நாடே கொதிச்சது. பிறகுதான் கேக்கச் சொன்னவை. கேக்கத் தொடங்கினாப் பிறகு புருசன்மார் மனுசிமாருக்கும் சேத்துப் பதில் சொல்லத் தொடங்கிட்டினம். அவவுக்கு வேண்டாம் எண்டு. அதாலதான் அவரவர் வாயால சொன்னாத்தான் செல்லும் எண்டு வச்சவை."

"நல்ல சட்டந்தான்" என்றாள் அம்மா.

யார் என்ன சொன்னார்கள் என்பதை வண்டி பதிவுசெய்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. ஆகையால் அந்தக் காருக்குள் என்ன பேசினார்கள் என்று தெரிந்தவள் உலகத்தில் அம்மா ஒருத்திதான். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த அன்று நிதிலன் அவளிடம் கேட்டான். என்னம்மா நடந்துச்சு என்றான். என்னத்தைச் சொல்றது கண்ணு என்றாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

அவனுக்குத் தெரிய வேண்டியது கேள்வி சரியா தப்பா என்பதல்ல. சிந்துஜா தெரிந்துதான் வேண்டாம் என்றாளா என்பது. முன் சீட்டில், வயிற்றுக்குள் குளிர் இறங்குவது தெரிந்து, போதும் என்று அவளே முடிவு செய்தாளா? நிறுவனம் சொல்லப்போகும் கதையில் அவள் அப்படித்தான் இருந்தாள். தன் சூட்டை மாமியாருக்குக் கொடுத்துவிட்டுப் போன பெண். அனுதாபம் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எப்பேர்ப்பட்ட மனசு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு, அப்படியென்றால் அவள் என்னை நினைக்கவில்லையா என்று தோன்றியது. தோன்றியதற்காக அவமானமாகவும் இருந்தது.

கிளம்பும்போது கஜன் வாசலில் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். விரல் நுனிகள் வெள்ளையாக இருந்தன.

"கையுறை போடாமலே வெளிய நிண்டனி?"

"கொஞ்ச நேரம்தான்."

"விரல் போயிரும், மச்சான். உனக்கு விறைக்கேல்லையா?"

இல்லை என்றான் நிதிலன். உண்மையாகவே இல்லை.

*

விசாரணை ஊர் மன்றத்தின் மாடியில் நடந்தது. தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற நீதிபதி, நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. தமிழை மொழிபெயர்க்கத் திரையில் ஒரு பெண் இருந்தாள். அம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல.

நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். லாரி நின்றது, பனி கண்ணாடியை மூடியது, ஹீட்டர் இருமுவதுபோல் சத்தம் போட்டுவிட்டு நின்றது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இறங்கக் கூடாது, வெளியே போனால் வழி தெரியாது, உள்ளேயே இருங்கள் என்று வண்டி சொன்னதாம். சிந்துஜா பயப்படவே இல்லையாம். வண்டி பார்த்துக்கொள்ளும், உங்கள் பையன் எழுதியதுதானே என்றாளாம்.

"அப்பறம் அது கேட்டுதுங்க. முதல்ல சிந்துகிட்ட. சூடு கொஞ்சம் கூட்டட்டுங்களான்னு. அவ, இருக்கட்டுங்க, அத்தைக்குப் போடுங்கன்னா. அடுத்து என்கிட்ட கேட்டுது. எனக்கென்னங்க, அந்தப் புள்ளைக்குப் போடுங்கன்னேன்."

அப்படியானால் இரண்டு பேருமே மறுத்தீர்கள் என்றார் வக்கீல்.

"ஆமாங்க. சொல்லிட்டு ரெண்டு பேரும் அது மறுபடி கேக்கும்னு இருந்தோம்."

ஏன் மறுபடி கேட்கும் என்று நினைத்தார்கள் என்று தலைவர் கேட்டார். இயந்திரம்தானே.

"எங்க வீட்டுல பேசற மாதிரியே பேசுச்சுங்களே" என்றாள் அம்மா. "அப்படிப் பேசறவங்க ஒரு தடவையோட விடமாட்டாங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்தபோது அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நிதிலன் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேலிக்காக 'ங்க' போட்டானா அவன்? இல்லை. ஆசையாகத்தான் போட்டான்.

அம்மா தொடர்ந்தாள். வெகுநேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்களாம். விழாவில் யார் புடவை நன்றாக இருந்தது, யார் பொங்கலில் நெய் குறைவு என்றெல்லாம். மூச்சு விட்டால் கண்ணாடியில் உறைந்தது. பிறகு பேச்சு குறைந்தது. அம்மாவுக்குக் கால் மரத்துப்போனது. பயம் வந்துவிட்டது.

"நானே அதைக் கூப்பிட்டனுங்க. எனக்குப் போட்டுருங்கன்னேன். உடனே போட்டுது. அவளுக்கும் போடுங்கன்னேன். அவங்க வேண்டாம்னுட்டாங்க, அவங்களேதான் சொல்லணும்னுது. நீ சொல்லு புள்ளைன்னேன். நான் நல்லாத்தான் இருக்கேன் அத்தை, இன்னும் கொஞ்ச நேரந்தானேன்னா. பின்னால வந்து என் பக்கத்துல உக்காருன்னேன். ஆள் வந்தா கதவைத் திறக்கணும், நீங்க தூங்குங்கன்னா. நானும் விட்டுட்டேன்."

ஏன் விட்டுவிட்டீர்கள் என்று தலைவர் கேட்டார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை.

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"ஊருல இருந்து கெளம்பும்போதே ஒரு முடிவோட வந்தனுங்க. மருமகளை எதுக்கும் வற்புறுத்தக் கூடாதுன்னு. என் மாமியா என்னைப் பண்ணுன பாடு எனக்குத் தெரியும். சாப்பிடுன்னா சாப்பிடணும், போன்னா போகணும். அந்த மாதிரி ஒருத்தி ஆயிரக் கூடாதுன்னு வந்தேன். இங்க வந்த நாள்ல இருந்து அவகிட்ட ஒரு சொல்லை ரெண்டு தடவை சொன்னதில்லீங்க. அவளும் எனக்கு எதுத்து ஒண்ணு சொன்னதில்ல. நல்லா இருந்தோம். ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா இருந்தோம்."

வக்கீல் எழுந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார். எப்படி இருந்தாலும், சூடு வேண்டாம் என்று உங்கள் மருமகள் தன் வாயால் சொன்னார். அது உண்மைதானே?

"சொன்னாளுங்க. உபசாரத்துக்குச் சொன்னா."

"நீங்களும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள்?"

"நானும் உபசாரத்துக்குத்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "அப்பறம் உண்மையைச் சொல்லிட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

சிந்துஜா முடிவு செய்யவில்லை. நிதிலனுக்கு அது மட்டும் தெரிந்தது. போதும் என்று நினைத்து யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. வண்டி ஒரு தடவைதான் கேட்கும் என்று தெரிந்தவள், அந்தக் குரலில் அதையே மறந்து, இன்னொரு தடவை கேட்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பாள். அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இப்போது அவள் காத்திருந்த நேரம் முழுவதும் அவன்மேல் வந்து உட்கார்ந்தது.

தலைவர் அவனை எழுந்திருக்கச் சொன்னார். எழுதியவர் என்ற முறையில் அவன் கருத்து தேவைப்பட்டது. தமிழ் பேசுகிறவர்களிடம் வண்டி எத்தனை தடவை கேட்க வேண்டும்?

எல்லோரும் ஒரு எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். மூன்று என்று அவன் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"ஒரு தடவை போதும்" என்றான். "ஆனால் அந்தக் குரலில் கேட்டிருக்கக் கூடாது."

விளக்கச் சொன்னார்கள். அவன் விளக்கினான். உடுமலையில் ரேஷன் கடை ஒன்று உண்டு. அங்கே இருக்கிறவர் தலை நிமிராமல் கேட்பார், சர்க்கரை வேணுமா வேண்டாமா என்று. அவரிடம் யாரும் இருக்கட்டுங்க என்று சொன்னதில்லை. சிந்துஜாவும் சொன்னதில்லை. வேணும் என்று பையை நீட்டுவாள். அன்பாகக் கேட்டால்தான் நாங்கள் பொய் சொல்வோம். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால்கூட அவள் ஆமாம் என்றிருப்பாள். அவளுக்குச் சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கட்டும் என்று நான் செய்ததுதான் இது.

கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அது தானாக வந்துவிட்டது.

*

தீர்ப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. கேள்வியை மாற்ற வேண்டும். உடனே. ஹீட்டரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது, மேலும் ஆராயப்பட வேண்டும் என்று. கஜன் அந்த வரியை அவனிடம் காட்டிக் கசப்பாகச் சிரித்தான். ஹீட்டரை மாத்திறதிலும் பார்க்கக் கேள்வியை மாத்திறது லேசு, மச்சான் என்றான்.

கோபிசெட்டிபாளையத்துப் பெண்ணை மறுபடி கூப்பிட்டார்கள். அவளுக்கு விஷயம் எதுவும் தெரியாது. புதிய வரியைப் படித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"ஏனுங்க, இப்படி எடுத்தெறிஞ்சு பேசுனா யாருங்க வண்டி வாங்குவாங்க?"

பரவாயில்லை, பேசுங்கள் என்றான். பேசினாள். கொஞ்சம் இனிப்பு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் கடுமையாக என்றான். மறுபடி பேசினாள். உங்களுக்குப் பிடிக்காத ஒருத்தரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றான். அவள் யாரை நினைத்தாளோ, அந்தத் தடவை சரியாக வந்தது.

புதிய குரல் வண்டிகளுக்குப் போனதும் புகார்கள் வந்தன. வண்டி மரியாதை இல்லாமல் பேசுகிறது, பெரியவர்களை ஒருமையில் கூப்பிடுகிறது என்று எழுதினார்கள். பிப்ரவரிக் கடைசியில் வந்த குளிரில் வடக்குச் சாலையில் சில தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. குழந்தைகள் உட்பட எல்லோரும் 'வேணும்' என்று சொன்னதாகப் பிறகு எழுதினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிறுவனம் அவனைப் பாராட்டி எழுதியது. அவன் படித்தான். ஜன்னலில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்தான். மறுபடி படித்தான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது.

மார்ச்சில் அம்மா ஊருக்குக் கிளம்பினாள். இன்னும் கொஞ்ச நாள் இரும்மா என்று அவன் சொல்லிப் பார்த்தான். இல்ல கண்ணு, போறேன் என்றாள். சரி என்று டிக்கெட் போட்டுவிட்டான்.

விமான நிலையம் பாதிநாள் பயணம். முன்னால் உட்கார அம்மா ஒப்பவில்லை. பின் சீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் கண்ணைக் கூசவைத்தது. ஆனாலும் குளிர் மைனஸ் நாற்பதை விட்டபாடில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை வயல்கள், நடுவில் நேர்க்கோடாகச் சாலை. வேறு வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. ஊரில் தண்ணீர் வரி கட்ட வேண்டும் என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். பேருக்கு அவன் உம் கொட்டினான்.

ஹீட்டர் இருமியது. நின்றது.

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி உதவிக்குச் சொன்னான். அடுத்த சார்ஜ் நிலையத்திலிருந்து ஆள் வருவார்கள், கொஞ்சம் ஆகும் என்று பதில் வந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. பகல்தான், புயலும் இல்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் முகம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது.

வண்டி பேசியது. "பின் சீட்டு. சூடு வேணுமா வேண்டாமா? சொல்லு."

"வேணும்" என்றாள் அம்மா.

"முன் சீட்டு. வேணுமா வேண்டாமா?"

"வேண்டாம்" என்றான் நிதிலன்.

வண்டி சரி என்றது. அதற்குமேல் அதற்கு வேலை இல்லை.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. இந்தக் குரலிடம் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் அவன்தான். அவன் பொய் சொல்லவில்லை. குளிரவில்லை. ஜனவரியிலிருந்தே குளிரவில்லை. வேண்டுமா என்று கேட்டது, வேண்டாம் என்றான், அதுதான் உண்மை. முன் கண்ணாடியின் ஓரத்திலிருந்து உறைபனி மெதுவாக உள்ளே ஊர்ந்து வந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

"ஏன் கண்ணு வேண்டாங்கற?" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"குளிரலம்மா."

"போடச் சொல்லு."

"இருக்கட்டும்மா. இன்னும் கொஞ்ச நேரம்தான், ஆள் வந்துருவாங்க."

அம்மா பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. பெட்டி சரிந்தது. அடுத்த நொடி அவன் கோட்டின் காலரைப் பின்னாலிருந்து ஒரு கை கொத்தாகப் பிடித்தது. கழுத்து இறுகும் அளவுக்குப் பிடித்தது.

"சொல்றா."

அவன் திரும்ப முடியவில்லை.

"அம்மா, எனக்கு நிஜமாவே—"

"நிஜமும் வேண்டாம் பொய்யும் வேண்டாம். நான் சொன்னா அது கேக்காது. நீதான் சொல்லணும். சொல்லுடா." கை விடவில்லை. "விடமாட்டேன். ஊருக்குப் போகாட்டிப் பரவாயில்ல. நீ சொல்ற வரைக்கும் இப்படியே நிப்பேன். சொல்லு. சொல்லு."

அம்மாவின் விரல்கள் அவன் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தன. அவை எவ்வளவு சில்லென்று இருந்தன என்பது அவனுக்குத் தெரிந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தெரிந்த முதல் குளிர் அது.

"வேணும்" என்றான்.

"சத்தமா."

"வேணும்."

சீட்டுக்கு அடியில் எங்கோ ஒரு சின்ன சத்தம். அம்மா காலரை விடாமல், அவன் முதுகுக்குச் சூடு வந்து சேர்கிறதா என்று கோட்டுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.